கம்பி முனையில ஒரு ஆரஞ்சு தொப்பி

என் டேபிள் டிராயர்ல ஒரு பிளாஸ்டிக் கேப் கிடக்கு. ஆரஞ்சு கலர், காளான் மாதிரி தலை, கீழ குழாய் மாதிரி ஒரு கழுத்து. கட்டடம் கட்டுற இடத்துப் பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க, மேல நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பி ஒவ்வொண்ணு தலையிலயும் ஒண்ணு மாட்டியிருக்கும். என்கிட்ட இருக்கிற கேப்ல மட்டும் தலைக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, ஓட்டையோட ஓரம் வெள்ளையா இழுபட்டு கிழிஞ்சிருக்கும். செஞ்ச இடத்துல போட்ட ஓட்டை இல்ல அது. ஒரு பையன் அது மேல விழுந்தப்போ கம்பி போட்ட ஓட்டை.

அப்போ நான் சைட் இன்ஜினியர், வேலைக்கு சேந்து ரெண்டாவது வருஷம். மண்ணைத் தாங்குறதுக்கு ஒரு நீளமான சுவர் எடுத்துக்கிட்டு இருந்தோம். அடியில ஃபுட்டிங், அதாவது அஸ்திவார காங்கிரீட் முடிஞ்சாச்சு, அதுலேர்ந்து சுவருக்கான ஸ்டார்ட்டர் கம்பி 16 மிமீ, ரெண்டு வரிசையா முக்கால் மீட்டர் உயரத்துக்கு மேல நிக்குது. சென்ட்ரிங், அதாவது காங்கிரீட் ஊத்துறதுக்கு அச்சு அடைக்கிற வேலை பாக்குற பையன் ஒருத்தன், இருபது வயசு கூட இருக்காது, பலகை மேல நின்னுக்கிட்டு அந்த அச்சோட ஷட்டர் பிளேட்டை கட்டுக்கம்பி போட்டு முறுக்கி இழுத்துக்கிட்டு இருந்தான். பெரிய உயரம்னு சொல்ல முடியாது, கம்பி முனையிலேர்ந்து அவன் நின்ன பலகை ஒரு மீட்டர் மேல இருந்திருக்கும், அவ்ளோதான். இழுத்த வேகத்துல கட்டுக்கம்பி பட்டுனு அறுந்துச்சு, அப்படியே பின்னாடி சாஞ்சு உக்கார்ற மாதிரி விழுந்தான். தொடையில ஏறிடுச்சு. அலறல் கூட இல்ல, "சார்"னு மட்டும் ஒரு தடவை கூப்பிட்டான், அந்தக் குரல் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

நாங்க நாலஞ்சு பேரு ஓடிப்போய் அவனைத் தூக்கத்தான் கையை நீட்டினோம். யாருக்கும் அதான தோணும். கம்பி கட்டுற பெரியவர் ஒருத்தர் அந்தப் பக்கத்துலேர்ந்து, "தூக்காதீங்கடா, யாரும் தொடாதீங்க"ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. வந்தவரு கம்பி வரிசைக்கு நடுவுல புகுந்து முட்டி போட்டு, தன் தோளை அந்தப் பையன் இடுப்புக்கு அடியில கொடுத்துத் தாங்கிக்கிட்டாரு, அவன் வெயிட்டுல இன்னும் கீழ இறங்கிடக் கூடாதுன்னு. ஒருத்தன் கிரைண்டரைத் தூக்கிட்டு வந்தான் கம்பியை அறுத்துடலாம்னு, அவனையும் விரட்டிட்டாரு. "சூடு ஏறும்டா, அது உள்ள போகும், ஆட்டாத, ஆளுங்க வரட்டும்." மீட்பு ஆளுங்க ஹைட்ராலிக் கட்டரோட வந்து கீழ வெட்டி, உள்ள இருக்கிற துண்டை அப்படியே விட்டு, சுத்தி துணியை வச்சுக் கட்டி, கம்பியோடயே கொண்டு போனாங்க. அது வரைக்கும் அவரு அந்த முட்டி போட்ட நிலையிலேயே இருந்தாரு. இது ரொம்ப முக்கியம், தெரியாதவங்களுக்காக சொல்றேன்: குத்தின பொருளை வெளிய இழுக்கவே கூடாது. உள்ள ரத்தக்குழாய் அறுந்திருந்தா இப்போதைக்கு அந்தக் கம்பிதான் அதை அடைச்சுக்கிட்டு இருக்கும், இழுத்தா மூடியைத் திறந்த மாதிரி. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் டேபிள்லதான் எடுக்கணும்.

சாயங்காலம் ஆஃபீஸ்ல உக்காந்து ரெஜிஸ்டரைத் திறந்தேன். காலையில நான் போட்ட டிக் அப்படியே இருக்கு. 'நீட்டிய கம்பிகளுக்கு கேப் போடப்பட்டதா? ஆம்.' கீழ என் கையெழுத்து. பொய்யும் இல்ல, கேப் போட்டுத்தான் இருந்துச்சு. கம்பி கேப்பையும் சேத்து துளைச்சுக்கிட்டு உள்ள போயிருந்துச்சு, அவ்ளோதான்.

கணக்கு போட்டுப் பாத்தா இதுல ஆச்சரியமே இல்ல. 16 மிமீ கம்பியோட முனை வெறும் 2 சதுர சென்டிமீட்டர். 70 கிலோ ஆளு ஒரு மீட்டர் விழுந்தாலே கிட்டத்தட்ட 700 ஜூல் சக்தி, அது மொத்தமும் அந்த 2 சதுர சென்டிமீட்டர்ல இறங்குது. கம்பியும் சும்மா மழமழன்னு வெட்டியிருக்காது, கட்டிங் மெஷின்ல நசுக்கி வெட்டினதால முனை உளி மாதிரி சப்பையா ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கும். இதுக்கு நடுவுல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஓடு என்ன பண்ணும்? அந்தக் கேப் எதுக்குன்னா நடந்து போறப்போ கை, முழங்கால் உரசி கிழியாம இருக்குறதுக்கு. கீறல் படாம காப்பாத்தும், உசுரைக் காப்பாத்தாது.

இது ஏதோ நான் கண்டுபிடிச்ச ரகசியம் இல்ல, விதி எழுதினவங்களுக்கு எப்பவோ தெரியும். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பைப் பாத்துக்குற அரசு அமைப்பான ஓஷா போட்ட கட்டுமான விதியில 1926.701னு ஒரு பிரிவு இருக்கு, ஆளு மேல விழ வாய்ப்பிருக்கிற எந்தக் கம்பியா இருந்தாலும் குத்துற ஆபத்தே இல்லாத அளவுக்கு மறைக்கணும்னு ஒரே வரியில சொல்லிடுது. 'கேப் போடு'ன்னு அதுல இல்ல, கவனிங்க. கலிஃபோர்னியா மாநில விதி இன்னும் ஒரு படி இறங்கி அளவே சொல்லுது: மூடி சதுரமா இருந்தா 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், வட்டமா இருந்தா நாலரை அங்குல விட்டம், அதுக்குக் குறையக் கூடாது. தாங்கும்னு காட்டுறதுக்கு அங்க வைக்கிற டெஸ்ட்ல 250 பவுண்டு எடையை, அதாவது 113 கிலோவை, 10 அடி உயரத்துலேர்ந்து போடுவாங்க. நாலரை அங்குல வட்டம்னா 100 சதுர சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல. கம்பி முனையை விட 50 மடங்கு. விழுந்தா எலும்பு உடையலாம், ஆனா உள்ள ஏறாது. அதுலயும் உள்ள ஸ்டீல் தகடு வச்ச கேப்பா இருக்கணும், வெளிய பாக்க ரெண்டும் ஒரே ஆரஞ்சு கலர்தான். கையில எடுத்துத் தலைகீழா திருப்பிப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும். நான் அந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட திருப்பிப் பாத்ததில்ல.

சரி, நல்ல கேப்பே வாங்கிக் கொடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சுதான்னா, அங்கதான் இன்னொரு கூத்து. தூணுக்கு ரிங்கு, அதாவது நிக்கிற கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையம், எப்படிப் போடுவாங்க? நிக்கிற கம்பிக்கு மேலேர்ந்து ஒவ்வொண்ணா கீழ இறக்குவாங்க. கேப் இருந்தா ரிங்கு இறங்காது. அப்போ கம்பி கட்டுறவங்க கேப்பை எல்லாம் கழட்டி ஒரு சாக்குல போட்டு ஓரமா வைப்பாங்க. வேலையை முடிச்சுட்டு அடுத்த தூணுக்குப் போயிடுவாங்க, சாக்கு அங்கயே கிடக்கும். அதுக்கப்புறம் அங்க வர்றது சென்ட்ரிங் ஆளுங்க, பலகை மேல ஏறி நிக்கிறது அவங்க. கழட்டினவன் ஒருத்தன், விழுறவன் இன்னொருத்தன். ரெண்டு பேரும் வேற வேற மேஸ்திரிகிட்ட வேலை பாக்குறாங்க, ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்கு சம்பந்தமே இல்ல. இதுக்கு நடுவுல 'தொழிலாளர்கள் கவனக்குறைவு'ன்னு ரிப்போர்ட் எழுதுறதைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். கேப்பைத் திரும்ப மாட்டுறது யாரோட வேலைன்னு யாருமே எழுதி வைக்கல, அப்புறம் யாரு மேல கவனக்குறைவு?

அதனால நான் கேப்பை நம்புறதை விட்டுட்டேன். வரிசையா நிக்கிற கம்பிக்கு மரச்சட்டத்துல தலைகீழ் தொட்டி மாதிரி ஒண்ணு அடிச்சு, வரிசை மொத்தத்துக்கும் மேல கவுத்து, கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டிடுறது. கால் பட்டா தள்ளிப் போற மாதிரி சும்மா வைக்கக் கூடாது, கட்டியே ஆகணும். இதுல ஒரு லாபம், ஒருத்தன் கழட்டினா தூரத்துலேர்ந்தே தெரியும், நூறு கேப்ல எது இல்லைன்னு எண்ணிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. அதை விட நல்லது கம்பி முனையே நேரா நிக்காம, டிசைன்லயே கொக்கியா வளைச்சு கொடுத்துடுறது. ஆனா நேரா நிக்கிற கம்பியை சைட்ல நாமளா வளைச்சு, அப்புறம் நிமித்திக்கலாம்னு நினைக்கக் கூடாது, வளைச்ச இடத்துல விரிசல் விட்டா அந்தத் தூணுக்கே ஆபத்து, டிசைன் பண்ணவரைக் கேக்காம கை வைக்கக் கூடாத விஷயம். இன்னொண்ணு கப்ளர். காங்கிரீட் மட்டத்தோட கம்பி முடிஞ்சுடும், வேணும்ங்கிறப்போ மறை போட்ட அடுத்த கம்பியை அதுல திருகிக்கலாம். நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பியே இல்லைன்னா தொப்பி எதுக்கு? ஆனா அதை முடிவு பண்றவரு ஏசி ரூம்ல டிராயிங் முன்னாடி உக்காந்திருக்காரு, அவரு பேண்ட்டை எந்தக் கம்பியும் கிழிச்சதில்ல.

இது எல்லாத்துக்கும் முன்னாடி கேக்க வேண்டியது, மேல நிக்கிறவன் ஏன் விழணும்? பலகைக்கு கைப்பிடி இருந்துச்சா? எங்க சைட்ல அன்னைக்கு இல்ல. இந்த உயரத்துக்கு எதுக்கு கைப்பிடின்னு நானே சொல்லியிருப்பேன்.

நிக்கிற கம்பியைப் பத்தி இவ்ளோ பேசுறோம், படுத்திருக்கிற கம்பியைப் பத்தி யாரும் பேசுறதில்ல. பீம் கம்பி சுவரைத் தாண்டி சரியா கண்ணு மட்டத்துல நீட்டிக்கிட்டு இருக்கும், இருட்டுற நேரத்துல முனை தெரியவே தெரியாது, புள்ளி மாதிரிதான் இருக்கும். இங்க அந்த ஆரஞ்சு கேப் உண்மையிலேயே உதவும், அதோட கலருக்காகவாவது. அப்புறம் கட்டுக்கம்பி. கொக்கியால முறுக்கி விட்ட வால் மேல பாத்து நிக்கும், குனிஞ்சு அடுத்த முடிச்சு போடுறப்போ நேரா கண்ணுக்கு வரும். அந்தப் பெரியவரு ஒவ்வொரு முடிச்சு போட்டதும் கட்டை விரலால வாலை கீழ மடக்கி விட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாரு. ஒரு நொடி கூட ஆகாது. புதுசா வந்தவனுக்கு முடிச்சு சொல்லிக் கொடுக்கிறப்பவே மடக்குறதையும் சேத்துதான் சொல்லிக் கொடுப்பாரு, தனியா சேஃப்டி கிளாஸ்னு ஒண்ணு எடுத்ததில்ல.

கம்பியாவது கண்ணுக்குத் தெரியும். காங்கிரீட் இருக்கே, அது வேற ரகம்.

எனக்கு இடது முழங்கால்ல கருப்பா ஒரு தழும்பு இருக்கு. ஸ்லாப் காங்கிரீட் போடுற அன்னைக்கு கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக் நகந்திருக்கான்னு பாக்க ஈரக் காங்கிரீட்லயே முட்டி போட்டு உக்காந்தேன், பேண்ட் நனைஞ்சுது. அதோடயே மூணு மணி நேரம் வேலை பாத்தேன். வலியே இல்ல. வீட்டுக்கு வந்து பேண்ட்டைக் கழட்டுறப்போதான் தோல் அதோட சேந்து வந்துச்சு. சிமெண்ட்ல தண்ணி பட்டா சுண்ணாம்பு கரைஞ்சு பிஎச் 12, 13 வரைக்கும் போகும், தோலைக் கரைக்கிற காரம் அது. நெருப்பு பட்டா உடனே சுடும், கையை இழுத்துக்குவோம். இது சுடாது, அதான் இதுல மோசம். வலி தெரியிறப்போ தோல் போய் ரொம்ப நேரம் ஆயிருக்கும். கம்பூட்ஸ் போட்டிருக்கோம்னு தைரியமா நிப்பாங்க, பூட்ஸ் வாயை விட காங்கிரீட் ஆழம் ஜாஸ்தியா இருந்தா உள்ள இறங்கிடும், அப்புறம் அந்த பூட்ஸே காலைக் காரத்துல ஊற வைக்கிற பாத்திரம். க்ளவுஸும் அப்படித்தான், துணி க்ளவுஸ் போட்டு ஈரக் காங்கிரீட்டைத் தொடுறதுக்கு வெறும் கையே தேவலை. உள்ள போயிடுச்சுன்னா வேலையை அப்படியே விட்டுட்டு கழட்டி, ஓடுற தண்ணியில 20 நிமிஷமாவது கழுவணும். "இந்த வண்டி முடியட்டும் சார்"னு சொல்றவனைத்தான் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்.

காரம் ஒரு நாள் கதை, குரோமியம் வருஷக்கணக்குக் கதை. சிமெண்ட்ல ஆறு இணைதிற குரோமியம்னு ஒரு வகை குரோமியம் கொஞ்சூண்டு இருக்கும். தொட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல உடம்புக்கு அது அலர்ஜியா மாறிடும். அப்புறம் கொஞ்சம் பட்டாலே கை வெடிச்சு, அரிச்சு, தண்ணி கோத்துக்கும். பல கொத்தனாருங்க கையைப் பாத்தா தெரியும், 'வேலை செஞ்ச கை'ன்னு நாம பெருமையா சொல்ற அந்தக் கையில பாதி இந்த வியாதிதான். ஐரோப்பாவுல 2005லேர்ந்து சிமெண்ட்ல கரையிற குரோமியம் பத்து லட்சத்துல 2 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்காக ஃபெரஸ் சல்ஃபேட் கலக்குறாங்க, அவ்ளோ சிம்பிள். சைட்ல நிக்கிற ஆயிரம் பேருக்கு க்ளவுஸ் போடச் சொல்லி கத்துறதை விட ஃபேக்டரியில ஒரு பொடியைக் கலக்குறது மேல்.

கெட்டியான காங்கிரீட்டும் ஏமாத்தும். மேல தட்டிப் பாத்தா டொக்குனு கேக்கும், ஏறி நடக்கலாம், ஆனா உள்ள அதுக்கு இன்னும் பலம் வந்திருக்காது. 1978 ஏப்ரல் 27, அமெரிக்காவுல மேற்கு வெர்ஜீனியா மாநிலத்துல வில்லோ ஐலண்ட்ங்கிற இடம், பவர் பிளாண்ட்டுக்கு கூலிங் டவர் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு வளையமா காங்கிரீட் போட்டு மேல போறது, சாரம் தரையிலேர்ந்து வராம அந்த டவர் சுவரையே பிடிச்சுக்கிட்டு தொங்கும். முந்தின நாள் போட்ட வளையம்தான் அன்னைக்கு ஆளு, சாரம், மேல தூக்குற காங்கிரீட் எல்லாத்தையும் தாங்கணும். ராத்திரி குளிர், காங்கிரீட் எதிர்பார்த்த மாதிரி இறுகல. காலையில காங்கிரீட் தூக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அந்த வளையம் உரிஞ்சுக்கிட்டு வந்துடுச்சு, சாரத்துல இருந்த 51 பேரும் 50 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தாங்க. ஒருத்தர் கூட பிழைக்கல. விசாரணை பண்ணினவங்க சொன்ன காரணம், காங்கிரீட்டுக்கு பலம் வர்றதுக்கு முன்னாடியே அது மேல சுமையை ஏத்திட்டாங்க.

இதைப் படிச்சதுக்கு அப்புறம் கியூப் டெஸ்ட் ரிசல்ட்டை, அதாவது அதே காங்கிரீட்ல சின்னக் கட்டி வார்த்து உடைச்சு பலம் பாக்குறதோட ரிசல்ட்டை, நான் பாக்குற விதமே மாறிப்போச்சு. கியூப் லேப்ல தொட்டித் தண்ணியில வெதுவெதுன்னு சௌகரியமா கிடக்கும், ஸ்லாப் மேல குளிர்லயும் காத்துலயும் நிக்கும். கியூப் பாஸ் ஆச்சுன்னா ஸ்லாப்பும் பாஸ்னு எப்படிச் சொல்றது? முட்டு பிரிக்கணும்னா ஸ்லாப் பக்கத்துலயே, அதே வெயில் அதே குளிர்ல வச்ச கியூப்பை உடைச்சுப் பாக்கணும். ஷெட்யூல் தள்ளிப் போகுதுன்னு சத்தம் போடுவாங்க, போடட்டும்.

ஈரமா இருக்கிறப்போ இன்னொரு ஏமாத்து இருக்கு. காங்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ, இறுகுற வரைக்கும் அது தண்ணி மாதிரி பக்கவாட்டுலயும் தள்ளும். 3 மீட்டர் தூணை ஒரே மூச்சுல ஊத்தி வைப்ரேட்டரையும் விட்டா, அடி ஷட்டர்ல சதுர மீட்டருக்கு 7 டன் கிட்ட அழுத்தம். மேலேர்ந்து பாத்தா சாந்தமா மட்டமா இருக்கும். அடியில ஒரு ஆணி, ஒரு ஆப்பு கம்மியா இருந்தாலும் பிளேட் வாயைப் பொளந்துக்கும். ஊத்துறப்போ ஷட்டர் பக்கத்துல யாரும் உக்காந்து ஓய்வெடுக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான், நிழலா இருக்குன்னு அங்கதான் போய் உக்காருவாங்க.

பம்ப் ஹோஸும் அதே ஜாதி. பைப்புக்குள்ள காத்து மாட்டிக்கிட்டா கொஞ்ச நேரம் ஒண்ணுமே வராது, 'என்னடா நின்னுபோச்சு'ன்னு ஒருத்தன் ஹோஸ் வாய்கிட்ட குனிவான், அப்போதான் அடைப்பு விட்டு காத்தோட சேந்து வெடிக்கும். ஹோஸ் பாம்பு மாதிரி ஒரு சுத்து சுத்தும், ஆளை அடிச்சுத் தூக்கிப் போட்டுடும். பம்ப் ஸ்டார்ட் பண்றப்பவும், அடைப்பு எடுத்ததும் ஹோஸ் வாய்கிட்ட யாரும் நிக்கக் கூடாது, வாய்ல இரும்பு க்ளாம்ப் எதுவும் தொங்கக் கூடாது. தூசியைப் பத்தி தனியா எழுதணும், இங்க ஒரு வரி: இறுகின காங்கிரீட்டை உலர்ந்தபடியே வெட்டுறப்போ பறக்குதே அந்த வெள்ளைப் புகை, அதுல இருக்கிற சிலிகா நுரையீரலுக்குப் போனா திரும்ப வராது, பிளேடுல தண்ணி விட்டு வெட்டுங்க.

அந்தப் பையன் பிழைச்சுட்டான். பெரிய ரத்தக்குழாய் தப்பிச்சிருந்துச்சு, ஆறேழு மாசம் ஆச்சு நடக்க. சென்ட்ரிங்குக்குத் திரும்பல, வேற ஒரு சைட்ல நான் இருந்தப்போ ஸ்டோர்ல வேலைக்கு வந்து சேந்தான், லேசா தாங்கித் தாங்கி நடப்பான். நாங்க ரெண்டு பேரும் அன்னைக்கு நடந்ததைப் பத்திப் பேசினதே இல்ல, எனக்குத் தைரியம் இல்லைன்னும் வச்சுக்கலாம். சேந்த வாரத்துலயே ஒரு பெட்டி கேப் வந்து இறங்குச்சு. நான் சலான்ல கையெழுத்து போட பேனாவை எடுத்துட்டேன். அவன் பெட்டியைக் கிழிச்சு ஒரு கேப்பை எடுத்து தலைகீழா திருப்பி, உள்ள விரலை விட்டுத் தடவிப் பாத்தான். இன்னொண்ணை எடுத்துத் தடவினான். அப்புறம் பெட்டியை மூடி டிரைவர் பக்கம் காலால தள்ளிட்டு, "தகடு இல்ல சார், திருப்பி அனுப்பிடுங்க"ன்னான்.